மூணு டாக்டர், மூணு பெயர்: ஓவர்லாப் சிண்ட்ரோம் என்றால் என்ன?

என் பெரியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் கை விரல்கள் கலர் மாற ஆரம்பித்தன. ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்து மேடையில் வைப்பார். அதற்குள் இரண்டு விரல் நுனிகள் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் நீலமாகும். வெந்நீரில் முக்கினால் குபுக்கென்று சிவந்து, ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். "ரத்தம் இல்ல, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

அடுத்த இரண்டு வருடத்தில் வேறு சிலதும் சேர்ந்துகொண்டன. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்தை நகைக்கடையில் கொடுத்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. சாதம் நெஞ்சிலேயே நிற்கிறது என்று ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பார். வெயிலில் போய்வந்தால் கன்னம் சிவந்து தடிக்கும். முதலில் பார்த்த எலும்பு டாக்டர் முடக்குவாதம் என்றார். தோல் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு லூபஸ் என்றார். மூன்றாவதாகப் போன இடத்தில் விரல் தோலைக் கிள்ளிப் பார்த்து ஸ்க்ளீரோடெர்மா என்றார்கள். மூன்று ஃபைல், மூன்று பெயர். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா கேட்டார்: "மூணு பேர்ல யாருடா பொய் சொல்றது?"

யாரும் பொய் சொல்லவில்லை. நான்காவதாகப் பார்த்த ரூமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத நோய் டாக்டர், மூன்று ஃபைலையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஓவர்லாப்மா" என்றார். அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. புரிந்ததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பெரியம்மாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அவ்வளவுதான்.

ஓட்டு வீட்டுக் கூரையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஓட்டின் நுனி அடுத்த ஓட்டின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த ஏறிய பகுதி எந்த ஓட்டைச் சேர்ந்தது என்று கேட்டால், இரண்டையும்தான். அங்கே மூன்றாவதாக ஓர் ஓடு கிடையாது. ஓவர்லாப் சிண்ட்ரோம் என்பதும் ஏறக்குறைய இதுதான்: தனித்தனிப் பெயர் உள்ள இரண்டோ மூன்றோ நோய்களின் அடையாளங்கள் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் இருப்பது. மூட்டு டாக்டர்களும், கல்லீரல் டாக்டர்களும், நுரையீரல் டாக்டர்களும் இந்த ஒரே சொல்லை அவரவர் நோய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். கூகுளில் தேடுகிறவருக்குத் தலை சுற்றுவது இதனால்தான். குறட்டையைப் பற்றித் தேடியவருக்கு லூபஸ் வந்து நிற்கும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், பழைய நோய்ப் பெயர்கள் பலவும் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து வைக்கப்பட்டவை. ஸ்க்ளீரோடெர்மா என்றால் கெட்டித் தோல் என்றுதான் அர்த்தம். லூபஸ் என்பது லத்தீனில் ஓநாய், முகத்துப் புண் ஓநாய் கடித்தது போல இருக்கிறதாம். விரல் வெளுத்து நீலமாவதற்கு ரேனோ என்று பெயர். 1862-இல் அதைப் பற்றித் தன் பட்ட ஆய்வை எழுதிய மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயர் அது. ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்களை அளக்கும் பரிசோதனைகள் இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தன. வந்த பிறகு பார்த்தால், நமது எதிர்ப்புச் சக்தி நமது உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் இந்த ஆட்டோ இம்யூன் நோய்களுக்குப் பல பரம்பரைக் காரணங்கள் பொதுவாக இருந்தன, சில எதிர்ப்புப் பொருள்களும் பொதுவாக இருந்தன. ஒரு ஆட்டோ இம்யூன் நோய் இருப்பவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

சரி, பெயர் எதுவாக இருந்தால் என்ன? எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னார்: "எல்லாத்துக்கும் கடைசியில ஸ்டீராய்டுதான சார் குடுக்கப் போறாங்க." பாதி உண்மை, ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துதான். ஆனால் இந்தப் பெயர் விவகாரம் முழுதும் முட்டி நிற்கிற இடமே அதுதான். மூட்டிலும் சரி, கல்லீரலிலும் சரி, நுரையீரலிலும் சரி, ஓவர்லாப் இருக்கிறதா என்று டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விக்காக: இவருக்கு ஸ்டீராய்டு வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு?

மூட்டும் தோலும் தசையும்

பெரியம்மாவின் விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தது ஒரு ரத்தப் பரிசோதனை. முதலில் ஏ.என்.ஏ. என்ற பொதுவான பரிசோதனை செய்தார்கள். செல்லின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது அது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காத பலரைப் பார்த்திருக்கிறேன். 1:40 என்று, அதாவது ரத்தத்தின் நீரை நாற்பது மடங்கு மட்டும் நீர்த்துப் பார்த்தால், நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை பாசிட்டிவ் ஆக வருவார்கள். 1:160 அளவில்கூட நூற்றுக்கு ஐந்து பேர் வருவார்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் ஏ.என்.ஏ. மட்டும் பாசிட்டிவ் என்பது கதவைத் தட்டிய சத்தம் மாதிரி. வெளியே யார் என்று அதிலிருந்து தெரியாது.

அடுத்த பரிசோதனையில்தான் ஆள் யார் என்று தெரிந்தது: யூ1-ஆர்.என்.பி. என்ற பொருளுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள், மிக அதிக அளவில். செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டிச் சீர்செய்யும் ஒரு சின்னக் கருவி என்று யூ1-ஆர்.என்.பி.யைப் புரிந்துகொள்ளலாம். 1972-இல் கார்டன் ஷார்ப் என்ற அமெரிக்க டாக்டரும் அவரது குழுவினரும் இப்படிப்பட்ட 25 பேரைப் பற்றி எழுதினார்கள். லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, தசை அழற்சி ஆகிய மூன்றின் கலவை. விரல்கள் உப்பிப்போன கை, ரேனோ, மூட்டு வலி, விழுங்குவதில் சிரமம். எல்லோரிடமும் இந்த ஒரே எதிர்ப்புப் பொருள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கலப்பு இணைப்புத்திசு நோய், ஆஸ்பத்திரி பாஷையில் எம்.சி.டி.டி. ஓவர்லாப்களில் சொந்தமாக ஒரு ரத்த அடையாளத்தோடு முதலில் பிரபலமானது இதுதான். இதைத் தனி நோய் என்று ஏற்காத ரூமட்டாலஜிஸ்டுகளும் இருக்கிறார்கள். சிலருக்கு வருடங்கள் போகப்போக இது முழு லூபஸாகவோ முழு ஸ்க்ளீரோடெர்மாவாகவோ மாறிவிடுவதைக் காட்டி, "இது நடுவழி ஸ்டேஷன்தானே" என்பார்கள். எனக்குப் படுவது: வண்டி பத்து வருடம் நின்றிருக்கும் ஸ்டேஷனுக்கு ஒரு பெயர்ப் பலகை வைப்பதில் தப்பில்லை.

ஷார்ப் குழுவினர் ஆரம்பத்தில் இதைச் சாதுவான நோய் என்று நினைத்தார்கள். குறைந்த ஸ்டீராய்டுக்கே அடங்குகிறது, சிறுநீரகத்தை அதிகம் தொடுவதில்லை என்று. வருடங்கள் கழித்து அதே மாதிரி நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது அந்த நிம்மதி போய்விட்டது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுவதும், நுரையீரல் தழும்பேறி இறுகுவதும்தான் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தானவை என்று தெரியவந்தது. எங்கள் பெரியம்மா ஒவ்வொரு வருடமும் முணுமுணுப்பது இதைப் பற்றித்தான்: "கைக்கு வைத்தியம் பார்க்க வந்தா நெஞ்சுக்கு எதுக்குடா எக்கோ எடுக்கறாங்க?" அதற்குத்தான் பெரியம்மா.

இப்போது ஸ்டீராய்டு கேள்விக்கு வருவோம். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினால் ஸ்டீராய்டை அதிக டோஸில் கொடுப்பது வழக்கம். ஆனால் ஸ்க்ளீரோடெர்மா உள்ளவருக்கு, அதிலும் தோல் இறுக்கம் உடம்பெல்லாம் வேகமாகப் பரவிக்கொண்டிருப்பவருக்கு, அதிக டோஸ் ஸ்டீராய்டு ஒரு பயங்கரமான நிலையைக் கிளப்பிவிடலாம். ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும். ஒரு நாளைக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் இந்த ஆபத்து கூடுகிறது என்பது 1990-களிலிருந்தே தெரிந்த விஷயம். ஒரு நோய்க்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்து, இன்னொரு நோய் கூட இருந்தால் அதே சிறுநீரகத்துக்கு எமனாகலாம். லூபஸ் என்று மட்டும் எழுதிய சீட்டோடு இப்படிப்பட்ட ஒருவர் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முடக்குவாதமும் லூபஸும் சேர்ந்தும் வரும். இரண்டின் ஆங்கிலப் பெயர்களையும் ஒட்டி அதை ரூபஸ் என்று அழைப்பார்கள். சாதாரண லூபஸ் மூட்டை வலிக்க வைக்குமே தவிர எலும்பை அரிக்காது. ரூபஸ் அரிக்கும். அங்கேயும் மருந்தில் ஒரு கண்ணி இருக்கிறது. முடக்குவாதத்துக்குப் போடும் சில நவீன ஊசிகள் லூபஸ் போன்ற தொந்தரவைத் தூண்டிவிடக்கூடியவை. அதனால் இரண்டுக்கும் ஒத்துவரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாதிரியான மாத்திரையில் பெரும்பாலும் தொடங்குவார்கள்.

இன்னொன்று, நெஞ்சக டாக்டரிடம் போய் நிற்பவர்களுக்காக. வறட்டு இருமல், மூச்சு வாங்கல் என்று போவார்கள். ஸ்கேனில் நுரையீரல் தழும்பு தெரியும். கையைத் திருப்பிப் பார்த்தால் விரல்களின் ஓரத்தில், குறிப்பாக ஆட்காட்டி விரலின் கட்டைவிரல் பக்கத்தில், மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்ப்பவர் கை மாதிரி வெடித்துக் காய்ப்பேறி இருக்கும். தசை அழற்சி, மூட்டு வலி, நுரையீரல் தழும்பு மூன்றும் சேர்ந்த இதற்கு ஆன்ட்டிசின்தடேஸ் சிண்ட்ரோம் என்று பெயர். இதில் அதிகம் காணப்படும் எதிர்ப்புப் பொருளின் பெயர் ஜோ-1. அது யாரிடம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த நோயாளியின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள் அவை. இந்தத் துறையில் இப்படி நோயாளி பெயரில் நிற்கும் எதிர்ப்புப் பொருள்கள் பல. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நல்லவேளை, என் பேரை வைக்கல" என்றார்.

இன்னொரு சொல்லும் இதோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. சிலருக்கு ரேனோ இருக்கும், லேசான மூட்டு வலி இருக்கும், ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆக இருக்கும், ஆனால் எந்த நோயின் அடையாளமும் முழுதாகத் தேறாது. அது ஓவர்லாப் இல்லை. ஓவர்லாப்பில் இரண்டும் தேறிவிடுகின்றன, இங்கே ஒன்றுமே தேறவில்லை. பிரித்தறிய முடியாத இணைப்புத்திசு நோய் என்று எழுதிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள். பலருக்கு அது வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது.

கல்லீரல்

நம் ஊரில் "லிவர் கெட்டுப்போச்சு" என்றால் அடுத்த கேள்வி, "குடிப்பாரா?" புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் அதைத் தொட்டதுகூட இல்லைங்க" என்று அழுத ஓர் அம்மாவை டாக்டர் அறைக்கு வெளியே பார்த்திருக்கிறேன். எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்கள் இருக்கின்றன, அவை பெண்களுக்குத்தான் அதிகம் வருகின்றன என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கல்லீரல் செல்களையே தாக்குவது, ஆட்டோ இம்யூன் ஹெப்படைட்டிஸ். மற்றது கல்லீரலுக்குள் ஓடும் மிகச் சிறிய பித்தநாளங்களைத் தாக்குவது. அதன் சுருக்கப் பெயர் பி.பி.சி. வீட்டோடு ஒப்பிட்டால் முதலாவது அறைகளை இடிப்பது, இரண்டாவது சாக்கடைக் குழாயை அடைப்பது. சாக்கடை அடைத்தால் கழிவு எங்கே போகும்? அதனால்தான் பி.பி.சி.யில் உடம்பெல்லாம் அரிப்பு வருகிறது, அதுவும் ராத்திரியில் அதிகம். சொறிந்து சொறிந்து தோல் டாக்டரிடம் ஒரு வருடம் போய்வந்த பிறகு கல்லீரல் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு.

லேபில் கொடுக்கும் எல்.எஃப்.டி. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு வரி இருக்கும். கல்லீரல் செல் உடைந்தால் ஏறுவது அது. சற்றுக் கீழே ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்று இன்னொன்று. பித்தநாளத்தில் பிரச்சினை என்றால் ஏறுவது அது. ஹெப்படைட்டிஸ் என்றால் முதலாவது, பி.பி.சி. என்றால் இரண்டாவது எகிறும். இரண்டும் சேர்ந்து எகிறினால்தான் டாக்டர் நெற்றியைச் சுருக்குவார்.

இதற்கென்று 1998-இல் பாரீஸில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள், பாரீஸ் அளவுகோல் என்றே பெயர். ஒவ்வொரு நோய்க்கும் மூன்று அடையாளம், அதில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பி.பி.சி. பக்கம்: ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் சாதாரண உச்ச அளவைவிட இரண்டு மடங்கோ, ஜி.ஜி.டி. என்ற இன்னொரு பித்தநாள அளவு ஐந்து மடங்கோ இருப்பது ஒன்று, ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்புப் பொருள் இருப்பது இரண்டு. பயாப்ஸியில் பித்தநாளச் சிதைவு தெரிவது மூன்று. ஹெப்படைட்டிஸ் பக்கம்: எஸ்.ஜி.பி.டி. ஐந்து மடங்கு இருப்பது ஒன்று, ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதம் இரண்டு மடங்கோ மென்தசைக்கு எதிரான எதிர்ப்புப் பொருளோ இருப்பது இரண்டு. பயாப்ஸியில் செல் ஓரங்களை அரிக்கும் அழற்சி தெரிவது மூன்று. இப்படிக் கறாராகப் பார்த்தால், இந்த நோய்கள் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் ஓவர்லாப் தேறுகிறது. லேப் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. விலாவில் ஊசி போட்டுக் கல்லீரல் துணுக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் அடம்பிடித்தால் காரணம் இதுதான்.

ஸ்டீராய்டு கேள்வி இங்கே இன்னும் கூர்மையாக நிற்கிறது. ஆட்டோ இம்யூன் ஹெப்படைட்டிஸுக்கு ஸ்டீராய்டும் அஸதயோப்ரினும்தான் உயிர்காக்கும் மருந்து. பி.பி.சி.க்கு ஸ்டீராய்டு முதல் மருந்து கிடையாது. அதற்குக் கொடுப்பது உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம், ஒரு கிலோ எடைக்கு 13 முதல் 15 மில்லிகிராம். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு 300 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு மூன்று என்று கணக்கு வரும். உர்சோ என்றால் கரடி. கரடியின் பித்தத்தில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். இரண்டு நோயும் சேர்ந்து இருப்பவருக்குக் கரடி மாத்திரையை மட்டும் கொடுத்தால் கல்லீரல் செல்கள் எரிந்துகொண்டே இருக்கும். சேர்ந்து இல்லாதவருக்கு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் எலும்பு தேயும், பி.பி.சி. ஏற்கெனவே எலும்பைத் தேய்க்கிற நோய் வேறு.

அதனால்தான் ஆட்டோ இம்யூன் ஹெப்படைட்டிஸ் பற்றிய சர்வதேச நிபுணர் குழு 2011-இல் ஒரு குரல் கொடுத்தது. ஓவர்லாப் என்பதைத் தனி நோயாக நினைக்காதீர்கள். எது மேலோங்கி நிற்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லி வைத்தியம் பாருங்கள். இன்னொன்றின் சாயல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பி.பி.சி.யிலேயே லேசான செல் அழற்சி சகஜம், அதைப் பார்த்து அவசரப்பட்டு ஓவர்லாப் முத்திரை குத்தாதீர்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது சரியாகவே படுகிறது. இதே துறை 2015-இல் பி.பி.சி.யின் பெயரையே மாற்றியது. அதுவரை அந்தப் பெயரின் கடைசி எழுத்து சிரோசிஸை, அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவதைக் குறித்தது. பலருக்கு சிரோசிஸே வந்திருக்காது, ஆனாலும் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு குடிகாரப் பட்டத்துக்கு அஞ்சி வாழ்ந்தார்கள். இப்போது அந்த எழுத்துக்குப் பித்தநாள அழற்சி என்று அர்த்தம், சுருக்கம் மட்டும் பழையபடி பி.பி.சி.

பெரிய பித்தநாளங்கள் இறுகும் பி.எஸ்.சி. என்ற நோயும் ஹெப்படைட்டிஸோடு சேர்ந்து வரும். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அது அதிகம். பெருங்குடல் புண் நோய் பலருக்குக் கூடவே இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் பித்தநாளம் மணி கோத்தது போலத் தெரியும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: மருந்தோ மூலிகையோ கல்லீரலைத் தாக்கினாலும் ரிப்போர்ட் ஆட்டோ இம்யூன் மாதிரியே வரலாம். கோவிட் காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்கு அப்படி நேர்ந்ததை மும்பை டாக்டர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். கஷாயம் குடித்தீர்களா என்று டாக்டர் கேட்டால், திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

மூச்சு

நெஞ்சகப் பிரிவில் ஓவர்லாப் சிண்ட்ரோம் என்றால் இரண்டு அர்த்தம். பழைய அர்த்தம் எடின்பரோவில் வேலை பார்த்த டேவிட் ஃபிளென்லி 1985-இல் கொடுத்தது: சி.ஓ.பி.டி.யும் தூக்கத்தில் மூச்சடைப்பும் ஒரே ஆளுக்கு இருப்பது. சி.ஓ.பி.டி. என்றால் பீடி சிகரெட் புகையாலும் விறகடுப்புப் புகையாலும் மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிப்போவது. தூக்க மூச்சடைப்பு என்றால் குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிசப்தமாகி, பத்து இருபது விநாடி கழித்து விலுக்கென்று மூச்சை இழுப்பது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் அது தெரியும்.

இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால், இரவில் இறங்கும் ஆக்ஸிஜனை உடம்பு ஓரளவு ஈடுகட்டும். மூச்சடைப்பு மட்டும் உள்ளவருக்கு ஒவ்வொரு அடைப்புக்கும் நடுவில் ஆக்ஸிஜன் பழைய அளவுக்கு ஏறிவிடும். சி.ஓ.பி.டி.யும் இருந்தால் அவர் தூங்கப் போகும்போதே ஆக்ஸிஜன் கீழ்ப்படியில் நிற்கிறது. ஒவ்வொரு அடைப்புக்குப் பிறகும் முழுதாக ஏறாமலே அடுத்த அடைப்பு வருகிறது. இரவு முழுதும் இப்படி. வருடக்கணக்கில் இது நடந்தால் இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகிறது, கால் வீங்குகிறது.

இங்கே மட்டும் கேள்வி ஸ்டீராய்டு பற்றியது இல்லை, ஆக்ஸிஜன் பற்றியது. ஆக்ஸிஜன் குறைகிறதா, வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தொண்டை அடைபடுவதைத் திறக்காமல் ராத்திரி வெறும் ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் மூச்சு நிற்கும் நேரம் நீளலாம், வெளியே போகவேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு உள்ளேயே தேங்கலாம். காலையில் தலை பாரமாக, மந்தமாக எழுவார்கள். இவர்களுக்கு வேண்டியது காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபாப் மாதிரியான மெஷின். அப்புறம் தேவைப்பட்டால் ஆக்ஸிஜன். அந்த மெஷினைப் பயன்படுத்தியவர்கள், பயன்படுத்தாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததை 2010-இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

இரண்டாவது அர்த்தம் ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் சேர்வது. இதன் பெயர்க் கதை கொஞ்சம் வேடிக்கை. உலக அளவில் ஆஸ்துமாவுக்கு ஒரு வழிகாட்டிக் குழுவும் சி.ஓ.பி.டி.க்கு ஒரு குழுவும் உண்டு. இரண்டும் சேர்ந்து 2014-இல் இதற்கு ஆஸ்துமா-சி.ஓ.பி.டி. ஓவர்லாப் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தன. 2017 வாக்கில், இது ஒரே நோய் என்ற எண்ணம் வரக்கூடாது என்று சிண்ட்ரோம் என்ற வாலை வெட்டின. 2020-இல் சி.ஓ.பி.டி. குழு, இனி இந்தச் சொல்லே வேண்டாம், இவை இரண்டு வேறு நோய்கள், ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது.

பெயர் போனாலும் நோயாளி எங்கும் போகவில்லை. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ள ஒருவர், முப்பது வருடம் பீடியும் குடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதச் சொல்லி ஒரு ஸ்பைரோமெட்ரி, மருந்தை இழுக்க வைத்துக் கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் விநாடியில் ஊதித் தள்ளும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் குழாய் கொஞ்சம் திறக்கிறது, ஆஸ்துமாவின் சாயல். ஆனாலும் முழுதாகத் திறக்கவில்லை, சி.ஓ.பி.டி.யின் சாயல். இங்கே மறுபடி நம் பழைய கேள்வி வருகிறது. ஆஸ்துமா துளி இருந்தாலும் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தே ஆக வேண்டும். நீண்ட நேரம் குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பது ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து. வெறும் சி.ஓ.பி.டி. என்றால் நேர்மாறு. பலருக்கு விரிக்கும் மருந்தே போதும், ஸ்டீராய்டு இன்ஹேலர் நிமோனியா வாய்ப்பைக் கூட்டும். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு பக்கம் சாய்வார்கள்.

ரிப்போர்ட்டையே ஏமாற்றும் ஒரு கூட்டணியும் உண்டு. நுரையீரலின் மேல்பாதி காற்றடைத்துப் பலூனாக ஊதிப்போவதும், கீழ்ப்பாதி தழும்பேறிச் சுருங்குவதும் ஒரே ஆளுக்கு நடக்கலாம். பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்கள். வின்சென்ட் கொட்டின் என்ற பிரெஞ்சு டாக்டரும் குழுவினரும் 2005-இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். ஒன்று கொள்ளளவைக் கூட்டும், மற்றது குறைக்கும். கழித்துப் பார்த்தால் ஸ்பைரோமெட்ரி ஏறக்குறைய நார்மல்! ஆனால் அவரால் ஒரு மாடி ஏற முடியாது. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்ற தனிப் பரிசோதனையிலும் சி.டி. ஸ்கேனிலும்தான் குட்டு வெளிப்படும். ரிப்போர்ட் நார்மல், ஆள் நார்மல் இல்லை என்றால் ஆளை நம்ப வேண்டும்.

ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை

எங்கள் அனுபவத்தில் உதவியது இரண்டே விஷயம். ஒன்று, விரல் நீலமாகும்போதே மொபைலில் எடுத்த போட்டோ. டாக்டர் அறைக்குள் போகும் நேரத்தில் விரல் சாதாரணமாகிவிடும், வாயால் சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டு, மூன்று ஆஸ்பத்திரி ஃபைலையும் பிரித்து, தேதி வரிசையில் ஒன்றாகத் தைத்தது. தனித்தனி ஃபைலாக இருந்தவரை தனித்தனி நோயாகவே இருந்தது.

போன வருடம் இன்ஷூரன்ஸ் படிவம் நிரப்பப் போனோம். நோயின் பெயர் என்ற இடத்தில் எம்.சி.டி.டி. என்று எழுதினோம். கவுன்ட்டரில் இருந்தவர், "அப்படி ஒண்ணு என் லிஸ்ட்டுல வரலையே" என்றார். டாக்டருக்கு போன் போட்டு, உலக நோய்ப் பட்டியலில் அதற்கான எண்ணைக் கேட்டு வாங்கினோம்: எம்35.1. அவர் தட்டிப் பார்த்து, தலையாட்டி, திரையில் வந்ததைத் தமிழில் பெரியம்மாவுக்குச் சொன்னார்: "பிற ஓவர்லாப் சிண்ட்ரோம்கள்."

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "பிறன்னா என்னடா அர்த்தம்? இவ்வளவு டெஸ்ட் எடுத்துமா பிற?"